கறையக்காவின் வாசிப்பு நோட்டு

பத்தாம் வகுப்பு பாஸாக வேண்டும் என்று எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். பதவி உயர்வு, பிள்ளைகள் முன்னால் மானம், எவனோ ஒருவன் கேலி செய்ததால் வந்த வைராக்கியம். முழங்காலுக்காக வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வகுப்பில் எல்லோரும் அவரைக் கறையக்கா என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயர் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநரின் சட்டை முதுகில் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. பின்னால் இருந்த இந்த அம்மாள் நான் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அவர் தோளைத் தட்டி, "இது டீ இல்ல, துரு. சோப்பு போட்டுத் தேய்க்காதீங்க, இன்னும் பரவும். எலுமிச்சம்பழம் தேய்ச்சு வெயில்ல போடுங்க" என்றார். மறுவாரம் ஓட்டுநர் வெள்ளை வெளேரென்று வந்து நின்று, "அக்கா சொன்னது பலிச்சிருச்சு" என்று எல்லோருக்கும் முதுகைக் காட்டினார். அன்றைக்கு என் பாடம் குட்டிச்சுவரானது. எனக்குக் கோபம்தான். காலையிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு, அதே அறையில் ஐந்தரை மணிக்கு ஆறாவது வகுப்புக்கு நிற்கிறவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

கறையக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. அந்தச் சலவைக்கூடத்தை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். இயந்திரங்களைச் சுவருக்குள்ளேயே பதித்திருப்பார்கள். அழுக்கை இந்தப் பக்கக் கதவைத் திறந்து போட்டால், அந்தப் பக்கக் கதவைத் திறந்து சுத்தமாக எடுத்துக்கொள்வார்கள். அழுக்குப் பக்கத்து ஆள் வேலை நேரத்தில் சுவரைத் தாண்டக் கூடாது. கறையக்கா பத்தொன்பது வருஷமும் அழுக்குப் பக்கம். மூட்டையைப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு துணியாக உதற வேண்டும், உள்ளே ஊசி, கத்தரிக்கோல் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும், அப்புறம் கறைவாரியாகப் பிரித்துப் போட வேண்டும்.

"ஒரு தடவ தலையணை உறைக்குள்ள பல்செட்டு கெடந்துச்சு டீச்சர். என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்று சொல்லி, தான் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்.

எட்டு மணி நேரம் ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. எங்கள் பெஞ்சுகள் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. அதில் உட்காரும்போதும் எழும்போதும் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியின் டாக்டர், உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறு என்று சொல்லிவிட்டார். சொல்வது அவருக்குச் சுலபம். சலவைக்கூடம் முழுவதிலும் நாற்காலி உள்ள வேலை ஒன்றே ஒன்றுதான். சுத்தப் பக்கத்தில் எத்தனை விரிப்பு போனது, எத்தனை வந்தது என்று பதிவேட்டில் எழுதுகிற வேலை. அதைச் செய்துவந்த அம்மாள் அந்த ஆண்டுக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். அந்த வேலைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும்.

சேர்க்கை நாளன்று படிவத்தில் 'படிக்க விரும்பும் காரணம்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு அந்த நாற்காலி வேணும் டீச்சர். அத எழுதினா சிரிப்பாங்களோன்னு விட்டுட்டேன்" என்றார்.

'அறிவு வளர்ச்சி' என்று நானே எழுதிக்கொண்டேன்.

மாலை வகுப்பில் மற்றவர்களை வாட்டுவது கணக்கு. கறையக்காவுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு வந்த சோதனை வாசிப்பு நோட்டு. பள்ளி ஆண்டுக்குள் மேலிடம் கொடுக்கும் பட்டியலிலிருந்து பத்துப் புத்தகம் படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் 'படித்தபோது உங்களுக்குத் தோன்றியவை' என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் ஓர் அதிகாரி வந்து நோட்டைப் பார்ப்பார். நோட்டு தேறாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அவ்வளவு பெரிய பூட்டை அவ்வளவு சின்ன நோட்டில் தொங்கவிட்ட புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியாது.

படிக்க நேரம் கிடைத்தது இயந்திரத்தின் தயவில். ஒரு சுற்றுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம். துணியைப் போட்டுக் கதவைப் பூட்டியதும் கையுறையைக் கழற்றி, முழங்கை வரை கழுவிக்கொண்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து படிப்பார். சுற்று முடிவதற்குள் ஆறு பக்கம். புத்தகத்தைக் கொடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு, "இது முப்பது சுத்துப் புத்தகம்" என்பார். வீட்டில் படிக்க முடியாது. வீட்டுக்காரர் இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், பகலிலும் விளக்கு வேண்டிய இருட்டு வீடு, போட்டால் விழித்துக்கொள்வார். மகள் இரண்டு வருஷம் முன்னாலேயே பத்தாவது முடித்தவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அம்மாவின் எழுத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவாள்.

முதல் புத்தகம் கடல் பயணக் கதை. கறையக்கா எழுதியிருந்தது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

'நாற்பது ஆண்கள் மூன்று மாதம் கப்பலில் போகிறார்கள். யாரும் ஒரு தடவைகூடத் துணி துவைக்கவில்லை. புயல் எட்டுப் பக்கம் வருகிறது. எனக்குப் பயம் வரவில்லை, நாற்றம்தான் வந்தது. தலைவன் கடைசியில் ராஜாவைப் பார்க்கப் போகிறான். அதே சட்டையோடா?'

படித்துவிட்டு ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்தேன். வெகு நாளுக்குப் பிறகு சிரித்ததால் இருமல் வந்தது.

இரண்டாவது, பெரிய மாளிகையில் வாழும் ஒரு சீமாட்டியின் காதல் தோல்வி. 'ஏழு நாள் படுக்கையில் விழுந்து அழுகிறாள். தலையணை உறையை யார் மாற்றினார்கள் என்று ஒரு வரி இல்லை. அந்த வேலைக்காரியைப் பற்றி ஒரு புத்தகம் இருந்தால் கொடுங்கள்.'

மூன்றாவது கொலைக்கதை. 'சமையல்காரி ரத்தச் சட்டையை வெந்நீரில் அலசியதாகச் சொல்கிறாள். வெந்நீர் பட்டால் ரத்தக் கறை நின்றுவிடும், பிறகு எது போட்டாலும் போகாது. ஆனால் சட்டை வெள்ளையாக இருக்கிறது. ஆகவே இவள் பொய் சொல்கிறாள், இவள்தான் கொலை செய்தவள் என்று முப்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் கொலை செய்தது வேறு ஆள். எழுதியவருக்குத் துவைக்கத் தெரியவில்லை, நான் என்ன செய்வேன்?'

நாலாவது கவிதைகள். 'ஒன்றும் புரியவில்லை. வரிகள் குட்டையாக இருந்தன. நன்றி.'

ஐந்தாவது, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்ற புத்தகம். 'விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால் வெற்றி நிச்சயம் என்கிறார். நான் இருபது வருஷமாக நாலு மணிக்கு எழுகிறேன். எங்கே தப்பு நடந்தது என்று தெரியவில்லை.'

இந்த ஐந்தையும் நான் வரி விடாமல் படித்தேன். ஆறாவதிலிருந்து படிக்கவில்லை. அதற்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியவில்லை. முப்பத்தெட்டு நோட்டு, பகல் பள்ளியின் பரீட்சைத் தாள் கட்டு, இடுப்பு வலி. கையெழுத்து இருக்கிறதா, பக்கம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, 'நன்று' என்று எழுதித் தள்ளினேன். களைத்துப்போனவள் செய்கிற எல்லாக் காரியத்துக்கும் நியாயம் கிடைத்துவிடுகிறது, அதுதான் களைப்பில் இருக்கும் ஆபத்து.

எட்டாவது மாதம் சுற்றறிக்கை வந்தது. வாசிப்பு நோட்டை இனிமேல் மனம்போன போக்கில் எழுதக் கூடாது. கதைச் சுருக்கம், பிடித்த பாத்திரம், பிடித்த காரணம், கற்ற நீதி என்று நான்கு தலைப்பில்தான் எழுத வேண்டும். ஏற்கெனவே எழுதியவற்றையும் அப்படியே மாற்றி எழுத வேண்டும். மூன்று வாரம் அவகாசம். வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கறையக்கா மட்டும் கையைத் தூக்கினார்.

"கவிதைக்கு என்ன நீதி டீச்சர்?"

"ஏதாவது எழுதுங்க அக்கா."

பெரும்பாலானவர்கள் எப்படியோ தலைகீழாக நின்று மாற்றி எழுதிவிட்டார்கள். நான்கு பேர் நோட்டு மட்டும் கரை சேராமல் நின்றது. லாரி ஓட்டுநர், தையல் கடைக்காரர், லிஃப்ட் இயக்கும் தம்பி, கறையக்கா. முதல் மூவர் சோம்பல்பட்டவர்கள், உள்ளதைச் சொன்னால் புத்தகத்தையே தொடாதவர்கள். கறையக்கா வகுப்புக்கே வரவில்லை. நான்கு வகுப்பு தொடர்ந்து வராமல்போகவே சலவைக்கூடத்துக்குப் போனேன். ஈரமும் மருந்து நெடியும் வாசலிலேயே முகத்தில் அடித்தன. உள்ளிருந்து ஒரு பெண் கையுறையோடு வெளியே வந்து, "அக்காவுக்கு முழங்கால்ல நீர் கோத்துக்கிச்சு, லீவு" என்று வீட்டுக்கு வழி சொன்னாள்.

இரண்டு அறை வீடு. உள்ளறையில் வீட்டுக்காரரின் குறட்டை. கறையக்கா முன்னறைத் தரையில் சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் மடித்த போர்வைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, பக்கத்தில் மகள்.

"வாங்க டீச்சர். எழுந்திருக்க முடியல, தப்பா நெனைக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மகள் எழுந்து எனக்கு இடம் விட்டாள். "நீங்களே கேளுங்க டீச்சர். கதைச் சுருக்கம் எழுதும்மான்னா, கதைய மறுபடி மொதல்லேர்ந்து எழுதுறாங்க. எட்டுப் பக்கம் ஆச்சு, கப்பல் இன்னும் கெளம்பல."

"எத விடறதுன்னு தெரியலடி. எல்லாம் நடந்ததுதான?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அந்தக் காலைப் பார்த்தேன். வெள்ளரிக்காய்போல மினுமினுவென்று வீங்கியிருந்தது. பையிலிருந்து போன வருஷம் முதல் மதிப்பெண் வாங்கிய பையனின் வாசிப்பு நோட்டை எடுத்தேன். அதே பத்துப் புத்தகம், நான்கு தலைப்பு, அழகான கையெழுத்து. பையன் தானாகவே அப்படி எழுதியிருந்தான், சுற்றறிக்கைக்கே அவன்தான் முன்னோடி போலிருக்கிறது.

"இதப் பாத்து எழுதிடுங்க அக்கா. மத்த மூணு பேருக்கும் இதான் குடுக்கப்போறேன்."

அவர் நோட்டை வாங்கவில்லை. "பாத்து எழுதினாக் காப்பிதானே டீச்சர்?"

"ஆமா, காப்பிதான். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். எங்கள வருஷா வருஷம் புதுப்பிக்கிறாங்க. போன வருஷம் இதே காரியத்துக்கு ஒரு டீச்சர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதனால வாயத் திறக்காதீங்க. உங்களுக்கு நாற்காலி வேணுமா, வேண்டாமா?"

இவ்வளவு கடுமையாகப் பேச நினைக்கவில்லை. அவர் மெல்ல நோட்டை வாங்கிக்கொண்டு, "உசிரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றார். அவருடைய பழைய நோட்டை நான் எடுத்துவந்து வகுப்பறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நோட்டு இருப்பது தெரிந்தால் வம்பு.

ஐந்து நாள் கழித்து, கம்பு ஊன்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். நான் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் வழிமறித்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம். ஆறாவது புத்தகத்துல அந்தப் பையன் தப்பா எழுதியிருக்கான்."

"எந்தப் புத்தகம்?"

"ரயில்வே கேட் காக்குற பொம்பள கதை. அவ காய்ச்சல்ல செத்துட்டான்னு எழுதியிருக்கான். சாகல டீச்சர். எட்டாவது புத்தகத்துல ஒரு பொண்ணு காய்ச்சல்ல சாகுது, அதையும் இதையும் போட்டுக் கொழப்பிட்டான். கேட்காரி எழுந்திருச்சிடறா. நான் ரெண்டு தடவ படிச்சேன்."

அவர் கைவேலை அப்படி. எந்த மூட்டையையும் தடவிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார், எழுத்து மூட்டையாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை. பேருந்து திரும்புகிற சத்தம் கேட்டது. அதை விட்டால் அடுத்ததற்கு முக்கால் மணி நேரம்.

"இருக்கறத அப்படியே எழுதுங்க அக்கா."

"சாகாதவள எப்படி டீச்சர் செத்துட்டான்னு..."

"யாரு உக்காந்து அதப் பாக்கப்போறாங்க? அப்படியே எழுதுங்க!"

கத்திவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். எனக்கு உட்கார இடத்தோடு பேருந்து கிடைத்தது.

நோட்டுப் பார்க்க வந்த அதிகாரி நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியான, வழுக்கை விழுந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். கண்ணுக்கடியில் என்னைப்போலவே கறுப்பு. என் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். நான் அலமாரிப் பக்கம் நின்றேன். எல்லோரும் பெஞ்சில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்து சுண்ணாம்புத் தூசி பறந்தது. ஒரு மணி நேரத்தில் முப்பத்துநான்கு நோட்டுக்கு முத்திரை விழுந்தது. நான்கு நோட்டை மட்டும் தனியே அடுக்கி வைத்தார். எந்த நான்கு என்று அட்டையைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

லாரி ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

"ஆறாவது புத்தகம். அந்தப் பொம்பளைக்குக் கடைசியில என்ன ஆகுது?"

"எறந்துடறாங்க சார். மனச உருக்குச்சு" என்றார் ஓட்டுநர், நோட்டில் இருந்தபடியே.

தையல் கடைக்காரரும் அதையே சொன்னார். லிஃப்ட் தம்பி, "கடமைதான் சார் உயிரவிடப் பெருசு" என்று நீதியையும் சேர்த்துச் சொன்னான். அதிகாரி மூன்று நோட்டிலும் குறுக்கே கோடு போட்டு மூடினார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சோர்ந்துபோனார், அவ்வளவுதான்.

"கடைசியா நீங்க, அம்மா. உக்காந்தே சொல்லுங்க, எழுந்திருக்க வேண்டாம்."

கறையக்கா அதற்குள் பக்கத்துத் தோளைப் பிடித்து எழுந்துவிட்டார்.

"இந்தப் புத்தகம் எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம்" என்றார் அதிகாரி. "ஊர் ஊராப் போறேன். இத உண்மையாப் படிச்ச ஒருத்தரையாவது பாக்கணும்னு ஆசை. இந்த வருஷம் ஒருத்தரும் கிடைக்கல. நீங்க படிச்சீங்களா?"

அவர் கூப்பிட்ட நான்கு பேரில் அதைப் படித்தவர் கறையக்கா ஒருவர்தான். இரண்டு தடவை படித்தவர். படித்தேன், அவள் சாகவில்லை என்று சொன்னால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அடுத்த கேள்வி அதன் காலடியிலேயே நின்றது: படித்தவர் ஏன் இப்படி எழுதினீர்கள்? அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அந்தப் பதில் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

கறையக்கா என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வைகூட இல்லை. மூட்டையைப் பிரித்து எந்தத் துணி எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கிறவரின் பார்வை.

என் முதுகுக்குப் பின்னால் அலமாரி. அதற்குள் அவருடைய பழைய நோட்டு. சாவி என் கையில். ஓர் அடி திரும்பினால் போதும், சார், இவர் எழுதியது இது, அது என் தப்பு என்று ஒரு வார்த்தை போதும். வேலை போனால் என்ன செய்வேன் என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தில் அவர் பேசிவிட்டார்.

"செத்துட்டா சார்" என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "சரிம்மா, உக்காருங்க" என்று நாலாவது நோட்டிலும் கோடு போட்டார். சாவி என் கையிலேயே இருந்தது.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு நான்கு பேரும் பரீட்சை எழுதவில்லை. பதிவேட்டு அம்மாள் ஓய்வு பெற்றார். நாற்காலி, பத்தாவது முடித்த ஒரு சின்னப் பெண்ணுக்குப் போனது. நல்ல பெண்தான், அவள்மேல் சொல்ல ஒன்றுமில்லை. கறையக்கா அழுக்குப் பக்கத்திலேயே இருந்தார், முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு. அடுத்த ஆண்டு வகுப்பில் சேரவில்லை. இருக்கிற ஒரே நாற்காலியும் போனபிறகு எதற்குப் படிப்பது என்று மகளிடம் சொன்னாராம். எனக்கு வேலை புதுப்பித்தார்கள். பாராட்டிக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

அலமாரியில் இருந்த நோட்டைக் கறையக்கா திருப்பிக் கேட்கவில்லை. விடுமுறையில் ஒருநாள் நான் எடுத்து ஆறாவது பக்கத்தைப் படித்தேன்.

'இதை இரண்டு தடவை படித்தேன், மொத்தம் நாற்பத்தாறு சுற்று. கதையில் வேலைக்காரப் பொம்பளைக்குக் காய்ச்சல் வந்தால் சாகடித்துவிடுவார்கள், அப்போதுதான் படிக்கிறவர்கள் அழுவார்கள். இதிலும் அப்படித்தான் ஆகும் என்று பயந்துகொண்டே படித்தேன். சாகடிக்கவில்லை. காய்ச்சல் விட்டதும் எழுந்து தண்ணீர் குடிக்கிறாள். முகம் கழுவுகிறாள். அடுத்த ரயிலுக்குக் கேட்டை மூடப் போகிறாள். அவ்வளவுதான் கதை, வேறு ஒன்றும் நடக்கவில்லை. படியில் உட்கார்ந்து அழுதேன். இயந்திரம் நின்று மணி அடித்தது, அப்படியும் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருஷத்தில் மணி அடித்தும் எழுந்து போகாதது அன்றைக்கு ஒருநாள்தான்.'

கீழே 'நன்று' என்று என் கையெழுத்து இருந்தது.

அதிகாரி போன அன்றைக்கு நடந்தது இன்னும் ஒன்று பாக்கி. எல்லோரும் கலைந்த பிறகு கறையக்கா வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் அழைத்துப்போக வரவேண்டும். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் போனேன். வரவில்லை.

"விடுங்க டீச்சர்" என்றார் அவரே. "உங்களுக்கும் குடும்பம் இருக்கு."

"ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லட்டும்? ஆனா சொல்றப்ப கஷ்டமா இருந்துச்சு டீச்சர். அந்த சார் மூஞ்சியப் பாத்தீங்களா? பாவம், எனக்கு அவர்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லணும்போல இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பரவால்ல. அவ எழுந்திரிச்சுட்டான்னு அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். மூணு பேருக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி குடிக்கறாளே, அந்த எடம் வந்தப்ப உங்களுக்கும் அழுகை வந்திருக்குமே டீச்சர்?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நாள் முழுக்க அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"வந்துச்சு அக்கா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்து ஒரு தட்டு தட்டினார். மகள் வந்ததும் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் படியிறங்கிப் போனார்.

அந்தப் புத்தகத்தை நான் படித்ததில்லை.